ஒரு சாடிக்குள் நூறு கிண்ணங்கள்

மாணவர்களை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

1998ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடல் அட்டை எடுக்க மூழ்கிய உள்ளூர் மீனவர்கள், சுமார் 17 மீட்டர் ஆழத்தில் ஒரு மேட்டைக் கண்டார்கள். மணலும் பவளமும் மூடிய அந்த மேட்டில் மெருகிட்ட மண் கிண்ணங்கள் துருத்திக்கொண்டிருந்தன. அருகிலிருந்த பாருக்கு அந்த ஊரில் ‘பத்து ஹித்தாம்’ என்று பெயர். கருங்கல் என்று பொருள். மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பழகியவர்கள் ‘பார்’ என்று சொல்லும் நீரடிப் பாறைத் தொடர்தான் அதுவும். கரையிலிருந்து ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான தொலைவு. அந்தப் பாரில் மோதியோ வேறு காரணத்தாலோ அதற்கு ஏறத்தாழ 1,170 ஆண்டுகளுக்கு முன் ஒரு மரக்கலம் அங்கே அமிழ்ந்துபோயிருந்தது.

கப்பலிலிருந்து மேலே வந்த பொருள்கள் ஏறக்குறைய 60,000. அவற்றின் பெரும்பகுதியை 2005இல் சிங்கப்பூர் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இன்று அவை சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குச் சொந்தம். தேர்ந்தெடுத்த பொருள்கள் 2015 முதல் அங்கே தனிக் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன. சீனாவில் தாங் வம்சம் (618–907) ஆண்ட காலத்துச் சரக்கு என்பதால் ‘தாங் கப்பல்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. சரக்குதான் சீனத்துச் சரக்கு. கலம் சீனத்துக் கலம் அன்று. பள்ளிக் குழுக்கள் பெரும்பாலும் தவறவிடும் முதல் செய்தி இது.

தவறவிடுவதற்குக் காரணம், ‘கடலடிப் புதையல்’ என்ற சொல். பேருந்தில் ஏறும்போதே இந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால், மாணவர் கண் தங்கத்தையே தேடும். காட்சிக்கூடத்தில் தங்கமும் இருக்கிறது. எனவே அங்கே கூட்டம் சேர்கிறது, படம் எடுக்கப்படுகிறது, அரை மணி நேரத்தில் வருகை முடிந்துவிடுகிறது. புதையலையே முன்வைத்து வளர்ந்த அரும்பொருளகங்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கீ வெஸ்ட் நகரில் உள்ள மெல் ஃபிஷர் கடல்சார் அரும்பொருளகம் அவற்றுள் பெயர்பெற்றது. 1622இல் புயலில் மூழ்கிய அத்தோச்சா என்ற ஸ்பானியக் கப்பலை மெல் ஃபிஷர் 16 ஆண்டுகள் தேடி, 1985இல் அதன் பெருஞ்சரக்கைக் கண்டெடுத்தார். அந்த அரும்பொருளகத்தில் ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் தங்கப் பாளம் ஒன்றைத் தூக்கிப் பார்க்க விட்டிருந்தார்கள். பல ஆண்டுகள் குழந்தைகளும் பெரியவர்களும் தூக்கி மகிழ்ந்த அந்தப் பாளம் 2010 ஆகஸ்டில் திருடப்பட்டது. பிறகு திரும்பி வந்தது ஒரு சிறு துண்டுதான். தங்கத்தை வெட்டலாம், உருக்கலாம், எடை போட்டு விற்கலாம். அதன் பிறகு அது எந்தக் கப்பலில் வந்தது என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சாது. பெலித்துங் கிண்ணம் ஒன்றைத் திருடி உருக்க யாரும் நினைக்கமாட்டார்கள். ஆயினும் அந்த ஒற்றைக் கிண்ணம் சொல்லும் செய்திகள் ஒரு தங்கப் பாளம் சொல்பவற்றைவிடப் பல மடங்கு.

கலத்திலிருந்து தொடங்குவதே முறை. பெலித்துங் கலத்தில் பலகையோடு பலகையை இணைக்க ஆணி அடிக்கப்படவில்லை. பலகை விளிம்புகளில் வரிசையாகத் துளையிட்டு, கயிற்றால் தைத்து, இடுக்கில் நார் வைத்து இறுக்கியிருந்தார்கள். இப்படித் தைத்த கலங்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலின் மரபு. அலை மோதும்போது ஆணியடித்த உடல் விறைத்து நின்று பிளக்கும். தைத்த உடல் சற்று நெகிழ்ந்துகொடுக்கும். சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னையின் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளும் தென்னங்கயிற்றால் தைத்தவையே. ஆகவே தமிழ் மாணவருக்கு இந்தத் தொழில்நுட்பம் அயல்நாட்டு விந்தை அன்று.

கலம் எந்த ஊரில் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு விடை படிப்படியாகத்தான் வந்தது. இரண்டாவது பருவ அகழ்வை நடத்திய தொல்லியலாளர் மைக்கேல் ஃபிளெக்கர், 2001இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ‘அரபு அல்லது இந்திய’ கப்பல் என்று இரண்டு வாய்ப்புகளையும் வைத்தார். பின்னர் மரத்துண்டுகளை மறுபடி ஆராய்ந்தபோது பலகைகள் ஆப்பிரிக்க மரம் என்று தெரியவந்தது. அதன்பின் அரபுப் பகுதியில், ஓமான் பக்கம் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பட்டது. உறுப்புகள் சிலவற்றுக்குத் தேக்கும் பயன்பட்டிருந்தது. ஓர் ஆய்வாளர் தம் ஐயத்தைத் தலைப்பிலேயே எழுதி வைத்ததும், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு மரச்சீவல் அந்த ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்ததும் வகுப்பறையில் சொல்லத்தக்க கதை.

அந்தக் கலத்தை மாதிரியாகக் கொண்டு ஓமானில் ஒரு கப்பல் கட்டப்பட்டது. ‘மஸ்கட்டின் மணி’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. நீளம் 18 மீட்டர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளைக் கையாலேயே இட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். கயிற்று வேலையில் தேர்ந்த கைகள் கேரளத்திலிருந்து வந்தன. 2010 பிப்ரவரி 16 அன்று மஸ்கட்டை விட்டுப் பாய்விரித்த கப்பல் கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3 அன்று சிங்கப்பூரை அடைந்தது. ஓமான் அரசு அதைச் சிங்கப்பூருக்குப் பரிசாகக் கொடுத்தது. நூல்களில் வரைபடமாக இருந்த ஒன்று உண்மையான கடலில், உண்மையான காற்றில் ஓடும் என்பது அந்தப் பயணத்தால் உறுதிப்பட்டது.

அடுத்து, காலம். கப்பல் எப்போது மூழ்கியது என்பதை எப்படிக் கண்டார்கள் என்று மாணவரே ஊகிக்க இடம் தருவது நல்லது, ஏனெனில் இதற்கான சான்றுகள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்தில், சுடுவதற்கு முன்பே, ஈரக் களிமண்ணில் ஒரு தேதி கீறப்பட்டிருக்கிறது: பவோலி ஆட்சியின் இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள். கிறித்துவ ஆண்டுக் கணக்கில் 826. அதே கப்பலில் கிடைத்த வெண்கலக் கண்ணாடி ஒன்றில் 758ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு. இரண்டு தேதிகளுக்கும் இடையே 68 ஆண்டுகள். எதை நம்புவது?

கண்ணாடி விலையுயர்ந்தது, தாத்தா வைத்திருந்ததைப் பேரன் வைத்திருக்கலாம், பழம்பொருளாகவே விற்கவும் படலாம். கிண்ணம் மலிவானது, சுட்டெடுத்த கையோடு சந்தைக்குப் போகும் சரக்கு, எழுபது ஆண்டுகள் யாரும் சேமித்து வைப்பதில்லை. ஆகவே கப்பல் 826க்கு முன் மூழ்கியிருக்க முடியாது, அதற்கு வெகு காலம் பின்னும் மூழ்கியிருக்காது. சரக்கில் இருந்த நாணயங்களும் மரம், அன்னாசிப்பூ ஆகியவற்றின் கரிமக் கணிப்பும் இதே காலப்பகுதிக்கு ஒத்துவந்தன. அப்போது காஞ்சியில் தந்திவர்ம பல்லவன் ஆண்டுகொண்டிருந்தான். பாக்தாதில் அப்பாசியக் கலீபாக்கள். இடையே இருந்த கடலில் இந்தக் கப்பல்.

சரக்கின் மிகப் பெரும் பகுதி, ஏறக்குறைய 57,500, ஒரே வகை மட்கலங்கள், பெரும்பாலும் கிண்ணங்கள். தெற்குச் சீனாவில் ஹூனான் பகுதியின் சாங்ஷா நகருக்கு அருகே இருந்த சூளைகளில் செய்தவை. ஒன்றைக் குனிந்து கூர்ந்து பார்க்க வேண்டும். குறுக்களவு சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு கையில் அடங்கும், ரசமோ கஞ்சியோ ஊற்றிக் குடிக்கத் தோதானது. விளிம்பின் நான்கு பக்கத்தையும் பழுப்பு நிறக் குழம்பில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள். நான்கு அரைவட்டத் திட்டுகளும் நெருங்கி வரும்போது, வட்டக் கிண்ணத்தின் நடுவே ஏறத்தாழச் சதுரமான ஒரு வெற்றிடம் தானாகவே அமைந்துவிடுகிறது. அந்தச் சதுரத்துக்குள் தூரிகை ஓடுகிறது: பழுப்பிலும் பச்சையிலும் ஒரு பறவை, ஒரு பூ, ஒரு மீன், ஓர் அலை, ஒரு மேகம். பத்துப் பதினைந்து கோடுகளுக்குமேல் இல்லை. கை நிற்காமல் போயிருக்கிறது. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தூக்கி எடுக்கப்பட்டது என்பது இன்றும் தெரிகிறது. ஒரு கைக்கு ஒரு நாளில் எத்தனை கிண்ணம் வந்திருக்குமோ! ஆனால் ஒரு பறவை போல இன்னொரு பறவை இல்லை. கோலம் போடும் கைக்குப் புள்ளிக் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் ஒவ்வொரு வாசலிலும் கோடு வேறாக வளைவதைப் பார்த்த மாணவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சில கிண்ணங்களில் எழுத்து உண்டு. ஒன்றில் சீன மொழியில் ‘தேநீர்க் கிண்ணம்’ என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் சூளை இருந்த இடத்தையும் ஃபான் குடும்பத்தின் பெயரையும் குறித்து, பெயர்பெற்ற சரக்கு என்று பறைசாற்றும் வாசகம் காணப்படுகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய விளம்பரம். சிலவற்றில் சீனச் செய்யுள் வரிகள். சிலவற்றில் அரபு எழுத்தைப் பார்த்து வரைந்தது போன்ற கோடுகள். பின்னவை எழுத்தா ஓவியமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன. வாங்குவோர் யாரென்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் உறுதி. மேற்கே விற்கவே செய்த சரக்கு அது.

காட்சிக்கூடத்தில் இந்தக் கிண்ணங்கள் நூற்றுக்கணக்கில் அருகருகே வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பதே தனி அனுபவம். ஒன்றைத் தனியே எடுத்து ஏலக் கடையில் வைத்தால் அது ஓர் அழகான பழங்கிண்ணம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் இருந்தால், அது தொழிற்சாலை என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நடந்த தொழிற்சாலைப் பணியின் சான்று. தொகுப்பு சிதறாமல் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சண்டை போடுவது இதற்காகத்தான்.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மண் கிண்ணங்களை நெடுங்கடல் தாண்டி உடையாமல் எப்படிக் கொண்டுசெல்வது? விடை பக்கத்திலேயே நிற்கும் பெரிய பச்சைச் சாடிகளில் இருக்கிறது. தெற்கே குவாங்டொங் பகுதியில் செய்த அந்தச் சாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே சரிய, சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். ஒரு சாடியில் நூற்றுக்குமேல் கொள்ளும். அடுக்கியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டுகளை அண்டாவுக்குள் அடுக்கும் சமையற்காரருக்கு அந்தக் கை புரியும்.

அந்த அடுக்குதான் கிண்ணங்களை இன்றுவரை காப்பாற்றியதும். சாடிக்குள் இருந்தவை மணலின் உராய்வும் பவளத்தின் ஒட்டும் படாமல், சூளையிலிருந்து நேற்று எடுத்தவை போல மெருகு மாறாமல் வெளிவந்தன. வெளியே கிடந்தவை தேய்ந்தும், பவளம் பற்றியும், ஒன்றோடொன்று கல்லாக இறுகியும் கிடந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கடல் என்ன செய்யும் என்பது விளங்கும். கப்பலின் மரத்துக்கும் இதே கதிதான். மணலுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மரம் துளைக்கும் கடற்புழுக்கள் தின்றுவிட்டன; சரக்கின் பாரத்தால் அடிமணலில் புதைந்து காற்றுப் படாமல் கிடந்த அடிப்பகுதி மட்டும் தங்கியது.

சாடிகள் சிலவற்றில் அன்னாசிப்பூ இருந்தது. பிரியாணிக்குத் தாளிக்கும் அதே எட்டிதழ்ப் பூ. தெற்குச் சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் விளையும் அந்த மசாலா ஒன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறியதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் ஈயப் பாளங்களைப் பாரமாக வைத்திருந்தார்கள். போய்ச் சேரும் துறையில் அதையும் விற்றுவிடலாம்.

கடலிலிருந்து எடுத்த மட்கலத்தை அப்படியே வெயிலில் காயவிட்டால் கெட்டது. நூற்றாண்டுக் கணக்கில் உப்புநீர் ஊறிய மண்ணுக்குள், நீர் வற்றும்போது உப்பு மணியாகத் திரண்டு, மெருகை உள்ளிருந்து தள்ளி உரிக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நீரில் இறங்கும் உப்பின் அளவை அளந்து, அது குறைந்து நிற்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெலித்துங் பொருள்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் நியூசிலாந்தில் நடந்தது. அறுபதாயிரம் பொருள்கள் என்ற எண்ணைச் சொல்லும்போது, இந்தப் பொறுமையையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கிண்ணங்களுக்கு அப்பால் இருக்கும் உயர்ரகப் பொருள்களில் மூன்று தட்டுகளை மறக்காமல் பார்க்க வேண்டும். வெள்ளைப் பரப்பில் நீலக் கோலம். ஹெனான் பகுதியின் கொங்சியான் சூளைகளில் செய்தவை. முழுமையாகக் கிடைத்த சீன நீல-வெள்ளைக் கலங்களில் மிகப் பழையவை இவைதாம்; இதற்கு முன் யாங்சோ நகர அகழ்வில் உடைந்த ஓடுகளே கிடைத்திருந்தன. உலகம் முழுதும் பேர்போன நீல-வெள்ளைப் பீங்கான் சீனாவில் பெருந்தொழிலாக வளர்ந்தது இதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, பதினான்காம் நூற்றாண்டில். தட்டின் நடுவே உள்ள சாய்சதுரமும் அதன் மூலைகளில் விரியும் ஓலைகளும் மேற்காசியச் சுவைக்கு நெருக்கமானவை. அதே காலத்தில் ஈராக்கின் பாஸ்ரா குயவர்கள் சீனாவின் வெள்ளைக் கலங்களைப் பார்த்து, தங்கள் மண்ணில் அந்த வெண்மை வராததால் வெள்ளீய மெருகு பூசி வெளுப்பாக்கி, அதன்மேல் கோபால்ட் நீலத்தால் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கரை மறு கரையைப் பார்த்துச் செய்தது. மறு கரையும் திரும்பிப் பார்த்தது. யார் யாரிடம் கற்றார் என்ற கேள்விக்கு இந்த மூன்று தட்டுகளும் ஒற்றை வரி விடை தருவதில்லை.

இனித் தங்கக் கிண்ணம். எட்டுப் பட்டை கொண்டது. ஒவ்வொரு பட்டையிலும் ஓர் இசைவாணரோ ஆடுபவரோ புடைப்பாக நிற்கிறார். கைப்பிடியின்மேல் பெருவிரல் பதியும் இடத்தில் தாடி வைத்த இரு முதியவர் தலைகள் பின்னந்தலையோடு பின்னந்தலை ஒட்டி இருக்கின்றன. தாங் காலத் தங்கவேலையில் இவ்வளவு பெரிய கிண்ணம் அரிது. வணிகச் சரக்கோடு இது ஏன் பயணப்பட்டது என்பதற்கு அரசவைக்குப் போகும் பரிசு என்பது முதலாகப் பல ஊகங்கள் உண்டு; முடிவான விடை இல்லை. கிண்ணங்களையும் சாடிகளையும் பார்த்த பிறகு இதன்முன் நிற்கும் மாணவர், எவ்வளவு விலை என்று கேட்பதை விட்டு, எதற்காக ஏற்றினார்கள் என்று கேட்பார். வரிசையை மாற்றிவைப்பதன் பயன் அதுதான்.

தங்கத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோகும் சிறு பொருள்களும் உண்டு. எடைக்கற்கள், சூதாடும் பகடை, மை தேய்க்கும் கல், மசாலா அரைக்கும் கல்லும் குழவியும். இவை விற்பதற்கான சரக்கில்லை. கப்பலில் இருந்தவர்கள் புழங்கியவை. மாதக்கணக்கான பயணத்தில் யாரோ குழம்புக்கு அரைத்தார், யாரோ பொழுதுபோகாமல் பகடை உருட்டினார், யாரோ கணக்கு எழுதினார். அவர்களில் எவர் பெயரும் எஞ்சவில்லை. அம்மிக்கு முன்னால் ஐந்து நிமிடம் மாணவரை நிறுத்திவைப்பது வீண் போகாது.

கப்பல் சென்ற வழிக்கும் தமிழருக்கும் என்ன உறவு? கப்பலில் தமிழர் இருந்தனர் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை, சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கடல்வழியில் தமிழர் இருந்ததற்குக் கல்லில் எழுத்து இருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய ஒரு குளத்தையும் அதைக் காக்கும் பொறுப்பேற்ற, மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரையும் சேனாமுகத்தாரையும் குறிப்பிடுகிறது. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தது என்று அறிஞர் பலரும் கொள்வர். அதாவது பெலித்துங் கலம் மூழ்கி ஓரிரு தலைமுறைக்குள். அந்தப் பகுதியில் கோ கோ காவ் தீவில் தாங் காலச் சீன ஓடுகள் அள்ளக் கிடைத்திருக்கின்றன, சாங்ஷா ஓடுகளும் அவற்றுள் உண்டு. இலங்கையில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறையில் 1980களில் ஜான் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோதும் சாங்ஷா ஓடுகள் வந்தன. வாடைக்காற்றில் சீனத்தை விட்டு இறங்கிய கலங்கள் மலாக்கா நீரிணை கடந்து, மாந்தை போன்ற துறைகளைத் தொட்டு மேற்கே போயின. பெலித்துங் கலம் அந்த வழக்கமான வழியிலிருந்து தெற்கே விலகிக் கிடந்தது. சாவகம் நோக்கிப் போனதா, வேறு நோக்கமா என்பது இன்றும் ஆய்வில் உள்ளது. எனினும் அதே வகைக் கிண்ணங்கள் மாந்தையின் கரையில் இறங்கின என்பது ஐயமில்லாத செய்தி. தமிழ் வகுப்புக்கும் வரலாற்று வகுப்புக்கும் நடுவே இருக்கும் சுவரை இந்த ஒரு செய்தியே இடித்துவிடும்.

மாணவருக்குச் சொல்லத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு, தயங்கத் தேவையில்லை. இந்தப் பொருள்களை எடுத்தது தொல்லியல் துறையன்று, இந்தோனேசிய அரசிடம் உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனம். தில்மன் வால்டர்ஃபாங் என்ற ஜெர்மானியர் நடத்தியது. 1998இல் நடந்த முதல் பருவ வேலை வேகமாக நடந்தது. பொருள்கள் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தன என்ற பதிவு போதவில்லை என்பது தொல்லியலாளர் பலரின் குற்றச்சாட்டு. பருவக்காற்றுக்காக வேலை நின்ற இடைவெளியில் திருட்டும் நடந்தது. 1999இல் ஃபிளெக்கர் வந்த பிறகே கப்பலின் உடல் முறையாக அளந்து பதிவானது.

2011இல் இந்தப் பொருள்களின் பெரிய காட்சி சிங்கப்பூரில் திறந்தது. அடுத்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் சாக்லர் காட்சியகத்துக்குப் போவதாக இருந்தது. விற்பனைக்காக அகழ்ந்த பொருளைக் காட்சிக்கு வைப்பது அத்தகைய அகழ்வை ஊக்குவிக்கும் என்று தொல்லியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் காட்சி கைவிடப்பட்டது. 2017இல் நியூயார்க்கின் ஆசியா சொசைட்டி அவற்றில் ஒரு பகுதியைக் காட்டியது.

மறுதரப்பு வாதமும் வலுவற்றது இல்லை. இடம் ஏற்கெனவே மீனவர்களுக்குத் தெரிந்துவிட்டது. காத்திருந்தால் கிண்ணங்கள் ஒன்றொன்றாகச் சந்தைக்குப் போயிருக்கும். சிதறிப்போன சரக்கு என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1752இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் விற்கப்பட்டு உலகெங்கும் வீட்டு அலமாரிகளில் அடங்கிவிட்டன. அந்தச் சரக்கை முழுதாக இனி யாரும் ஒருசேரப் பார்க்க முடியாது. இதே இந்தோனேசியக் கடலில், சிரெபோன் அருகே கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கை 2010 மே மாதம் ஜகார்த்தாவில் ஏலம் விட்டபோது கேட்க ஒருவரும் வரவில்லை. பெலித்துங் சரக்கு பெரும்பாலும் ஒன்றாக ஒரே இடத்தில் தங்கியதற்குச் சிங்கப்பூர் வாங்கியதே காரணம். அந்த நன்மையை ஒப்புக்கொள்வதும், முதல் பருவத்தில் பதிவாகாமல் போனவை திரும்பி வரமாட்டா என்பதை ஒப்புக்கொள்வதும் ஒருசேர முடியும். இரண்டையும் மேல்நிலை வகுப்பு மாணவர் தாங்குவர். அவர்களிடம் மறைப்பதுதான் பிழை.

நீரடி மரபுச் செல்வத்தைக் காக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2001இல் நிறைவேறி, 2009 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. பெலித்துங் அகழ்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கிடந்த இடத்திலேயே விட்டுக் காப்பதை முதல் தேர்வாகக் கொள்ளவேண்டும், வணிகத்துக்காகச் சுரண்டக்கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள்.

நடைமுறைக்கு வந்தால், ஒரு வகுப்புக்கு இந்தக் காட்சிக்கூடத்தில் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூட நுழைவு இலவசம் என்பதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் அவசரம் தேவையில்லை. இரண்டாம் முறையும் வரலாம். முதலில் கலமும் தையலும், பிறகு தேதி கீறிய கிண்ணம், அதன்பின் சாங்ஷாக் கிண்ணங்களின் கூட்டம், பச்சைச் சாடி, நீல-வெள்ளைத் தட்டு, அம்மி, கடைசியாகத் தங்கம் என்ற வரிசை பயன் தரும். ஒவ்வொரு மாணவரும் கிண்ணக் கூட்டத்திலிருந்து தமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்து, கைப்பேசியில் படம் எடுக்காமல், தாளில் பென்சிலால் வரைந்து பார்க்கச் சொல்லலாம். அந்தப் பத்துப் பதினைந்து கோடுகளை வரைய முயலும்போதுதான், வேகமாகப் போன அந்தத் தூரிகை எங்கே திரும்பியது என்பது கைக்குத் தெரியும்.

அன்புடன்,
தாங் கப்பல் காட்சிக்கூடத்தின் பார்வையாளர் ஒருவர்